இளம் பிள்ளைகள் காலையில் ரேடியோவில் எதைத் தேடுகிறார்கள்: திருகோணமலையில் தனியாக நடத்திக் கண்டது

பதினாறிலிருந்து இருபத்தைந்து வயது வரையான பிள்ளைகளுக்காகக் காலை நேர ரேடியோ நிகழ்ச்சி ஒன்றை எங்கள் ஊரிலிருந்து நடத்த நினைக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது இதைச் சொல்லித் தர ஒருவரும் இருக்கவில்லை. கையிலிருந்த காசு போனது, தொண்டை போனது, ஒன்றரை வருடம் போனது. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் விடிய எழும்பி எதற்குக் காது கொடுப்பார்கள் என்பது அந்த ஒன்றரை வருடத்தில்தான் எனக்கு விளங்கியது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். காசுக் கணக்கை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் யாருக்கும் பயன்படாது.

கொழும்பில் ஒரு தனியார் வானொலியில் பகுதி நேர அறிவிப்பாளராக இருந்தேன். கொரோனா வந்ததும் வேலை போய், பாலையூற்றில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா காலையில் சமைக்கும்போது ரேடியோ ஓடும். அதில் காலி வீதியில் வாகன நெரிசல், வெள்ளவத்தையில் மழை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் நானும் அதையேதான் வாசித்தேன். இங்கே இருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு தூரத்துச் செய்தி என்று தெரிந்தது. கண்டி வீதியிலோ நிலாவெளி வீதியிலோ பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பிள்ளைக்கு அதில் எடுக்க ஒன்றுமே இல்லை. எங்கள் மாவட்டத்தில்தான் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி பெரிய மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை வைத்திருந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் குரல் அனுப்பிய கோபுரங்கள் இங்கே நின்றன. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு இன்றைக்குப் பஸ் வருமா என்று சொல்ல ஒரு குரல் இருக்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் 2021 தொடக்கத்தில் இணையத்தில் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினேன். பண்பலை அலைவரிசைக்கு அனுமதி எடுப்பது தனி ஒருவருக்கு எட்டாத காரியம். இணையம் என்றால் ஒரு அறையும் ஒரு மைக்கும் போதும்.

அந்த ஒரு அறைக்கும் ஒரு மைக்குக்கும் என்ன செலவானது என்பதையும் சொல்கிறேன். மைக், மிக்ஸர், ஹெட்போன் மூன்றும் கொழும்பில் பாவித்த சாமானாக வாங்கி 1 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. சுவரில் எதிரொலி வராமல் பழைய மெத்தைகளும் தடித்த திரைச்சீலைகளும் கட்டியதில் இன்னும் 20 ஆயிரம். ஒலியை அனுப்புகிற சேர்வருக்கு மாதம் 15 டொலர். அந்த 15 டொலரைத் தொடக்கத்தில் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாதம் மூவாயிரம் ரூபாதானே, அது பிறகு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

தொடக்கத்தில் கொழும்பில் பழகிய மாதிரியே செய்தேன். வேகமான பேச்சு, இரண்டு நகைச்சுவை, புதுப் பாட்டு, மறுபடி பேச்சு. கேட்டவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று அறிய உவர்மலைப் பக்கம் ரியூசன் வாசல்களில் நின்று பிள்ளைகளிடமே கேட்டேன். பதில் நேரடியாக வந்தது. பாட்டு அவர்கள் போனிலேயே இருக்கிறது. நகைச்சுவையும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, டேட்டா இல்லை. 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 29 மெகாபைட் அளவு போகும், 128 என்றால் அதன் இரண்டு மடங்கு. பெரும்பாலான பிள்ளைகளிடம் இருந்தது சமூக ஊடகங்களுக்கு மட்டும் வேலை செய்கிற மலிவுப் பெக்கேஜ். அதில் என்னுடைய ரேடியோ திறக்காது. நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் பெக்கேஜில் அது அடங்கவில்லை என்றால் அவள் காதுக்குப் போய்ச் சேராது. இளைஞர்களுக்கான நிகழ்ச்சி என்று யார் தொடங்கினாலும், மைக் வாங்குவதற்கு முன்னால் தங்கள் நேயர்கள் எந்தப் பெக்கேஜ் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள்.

சரி, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கே போவோம் என்று சமூக ஊடகத்தில் நேரலையாகவும் போட்டேன். உடனே கூட்டம் வந்தது. ஆனால் பாட்டு ஓடும்போதெல்லாம் காப்புரிமை என்று சொல்லிச் சத்தத்தை வெட்டிவிடுவார்கள், சில நாள் நேரலையே நின்றுவிடும். நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவருடைய பாட்டை ஒலிபரப்ப அவருடைய அனுமதி வேண்டும். சின்ன ரேடியோ என்பதால் விலக்கு ஒன்றும் கிடையாது. அனுமதிக்குக் காசு கட்ட என்னால் முடியவில்லை. அதனால் பாட்டை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரமும் வெறும் பேச்சாக நடத்த வேண்டி வந்தது. அன்று இரவு நித்திரை இல்லை. பாட்டில்லாத ரேடியோவை எந்தப் பிள்ளை கேட்கும் என்று அம்மாவிடம் புலம்பினேன். அடுத்த கிழமை பார்த்தால் கேட்பவர்களின் தொகை குறையவில்லை, மெதுவாகக் கூடியிருந்தது. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு ஆச்சரியம் தந்த வேறு விஷயம் இல்லை.

என்ன நடந்தது என்றால், பாட்டு ஓடிய இடத்தைப் பிள்ளைகளின் குரல் நிரப்பத் தொடங்கியது. வட்ஸ்அப்பில் முப்பது செக்கன் குரல் பதிவு அனுப்பச் சொன்னேன். அழைப்பு எடுக்க இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விருப்பம் இல்லை. வீட்டில் அப்பா பக்கத்தில் இருப்பார், நேரலையில் வாய் தடுமாறினால் வெட்கம். குரல் பதிவு என்றால் மூன்று தரம் அழித்துவிட்டு நாலாந்தரம் அனுப்பலாம். ஒரு நாள் காலை ஒரு பெடியன் மூச்சு வாங்கிக்கொண்டு அனுப்பியது இன்னும் என் காதில் இருக்கிறது: "அக்கா, மூண்டாம் கட்டையில பஸ் பழுதாகி நிக்குது. கெம்பஸ் போற ஆக்கள் பின்னால வாறதப் பாத்துட்டு நிக்காம ஓட்டோவச் சேந்து பிடிங்க. நாங்க மூண்டு பேர் நிக்கிறம், இன்னும் ஒராள் வரலாம்." அதை அப்படியே போட்டேன். அந்த ஓட்டோவுக்கு நாலாவது ஆள் கிடைத்துவிட்டதாக இருபது நிமிடத்தில் இன்னொரு பதிவு வந்தது. அதன் பிறகு விடிந்தால் பதிவுகள் குவியும். கொழும்பு இரவு ரயில் எத்தனை மணிக்கு வந்தது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மான்கள் றோட்டை மறித்துப் படுத்திருக்கின்றன, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு எந்தப் பாதையை மூடியிருக்கிறார்கள், கிண்ணியாப் பாலத்தில் காற்று எப்படி, மோட்டார் சைக்கிளில் வரலாமா என்று எல்லாம் அவர்களே சொல்வார்கள். நான் நடுவில் நின்று சேர்த்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்வது ஒன்று. இளம் நேயரை இழுக்க அறிவிப்பாளர் இளைஞர் மாதிரி நடிக்கத் தேவையில்லை. சென்னைத் தொலைக்காட்சிப் பேச்சையோ கொழும்பு வானொலி வேகத்தையோ கொண்டுவந்தால் அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூதூர்ப் பிள்ளை மூதூர்ப் பேச்சில் பேசலாம், கிண்ணியாப் பிள்ளை கிண்ணியாப் பேச்சில் பேசலாம், சிங்களப் பாடசாலைப் பிள்ளை உடைந்த தமிழில் பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தால் போதும். தன் குரலும் தன் கூட்டாளியின் குரலும் வருகிற இடத்தை விட்டு அந்தப் பிள்ளை போக மாட்டாள். அறிவுரை மட்டும் வேண்டாம். ஓஎல், ஏஎல் சோதனைக் காலத்தில் ஆசிரியர் ஒருவரைக் கூட்டிவந்து படிப்பு ஆலோசனை சொல்லவைத்தேன், பாதிப் பேர் போய்விட்டார்கள். அதே கிழமை, சோதனை எழுதி முடித்த ஒரு பிள்ளை மண்டபத்துக்குள் கை நடுங்கியதைச் சொன்னாள். அதைத் திரும்பப் போடச் சொல்லி எத்தனை பேர் கேட்டார்கள்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும், இதுதான் நான் படித்ததிலேயே பெரிய பாடம். அம்மா அந்தக் கால இலங்கை வானொலி நேயர். அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் வீட்டு ஆட்கள் மாதிரிச் சொல்லுவா. 'பொங்கும் பூம்புனல்' காலை நிகழ்ச்சி தொடங்கினால் அடுப்பில் எது இருக்க வேண்டும், பிள்ளைகள் எங்கே நிற்க வேண்டும் என்று அவவுக்குக் கணக்கு இருந்தது. "நேரத்தைச் சொல்லிக்கொண்டே இரு பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு" என்பா. போனில் மணி தெரிகிற காலத்தில் இது எதற்கு என்று நினைத்தேன். ஆனால் தலை வாரிக்கொண்டோ சப்பாத்து நாடா கட்டிக்கொண்டோ இருக்கிறவர் போனைப் பார்க்க மாட்டார். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். அதனால் ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை கேட்பது பாடசாலைப் பிள்ளைகள். ஏழுக்குப் பிறகு கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகப் பிள்ளைகள். எட்டுக்குப் பிறகு கடையிலும் கொமினிகேஷன் என்கிற தொலைபேசி, போட்டோகொப்பிக் கடையிலும் சீனன்குடாப் பக்கத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போகிற இளைஞர்கள். ஒருவரும் மூன்று மணி நேரம் கேட்பதில்லை, கால் மணி நேரம்தான் கேட்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கால் மணிக்குள்ளும் நேரம், பாதை, காலநிலை, இரண்டு குரல் வந்துவிட வேண்டும். ஆறு நாற்பதுக்கு நேயர்களிடம் ஒரு கேள்வி என்றால் தினமும் ஆறு நாற்பதுக்கே வர வேண்டும். ஒரு பிள்ளை சொன்னாள், "அக்கா, உங்கட கேள்வி வந்தா நான் வாசலத் தாண்டியிருக்கணும், இல்லாட்டி பஸ் போயிரும்" என்று. 2021இல் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது அந்த முதல் முக்கால் மணி நேரம் அப்படியே வெறுமையாகிவிட்டது, எட்டரைக்குத்தான் பிள்ளைகள் எழும்பினார்கள். நேயரின் நாள் மாறினால் நிகழ்ச்சியின் நேரமும் அன்றே மாற வேண்டும்.

2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்தது. பாலம் கட்டிக்கொண்டிருந்ததால் மக்கள் அதில்தான் கடந்து போனார்கள். பாடசாலைக்குப் போன பிள்ளைகளின் உயிர்களும் போயின. நான் நேரலையில் இருந்தேன். குரல் பதிவுகள் வரத் தொடங்கின, அழுகையோடு, பெயர்களோடு, ஆளுக்கு ஒரு எண்ணிக்கையோடு. பக்கத்தில் கேட்க ஒருவர் இல்லை. நான் ஒரு பெயரையும் ஒரு எண்ணிக்கையையும் சொல்லவில்லை. விபத்து நடந்திருக்கிறது, அந்தப் பக்கம் வாகனத்தோடு போய்ப் பாதையை அடைக்காதீர்கள், அம்புலன்ஸுக்கு வழி விடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். விளம்பரங்களை நிறுத்தினேன். அதற்காக அனுசரணையாளர் ஒருவர் அந்த மாதக் காசில் பாதியை வெட்டினார். வெட்டட்டும். அன்று என் கை நடுங்கி மிக்ஸரில் எந்தக் குமிழைத் தொடுகிறேன் என்றே தெரியவில்லை, நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அறைக்குள்ளேயே இருந்து அழுதேன். அப்படி ஒரு காலைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். யாரிடம் உறுதிப்படுத்துவது, எதைச் சொல்லக் கூடாது, எதை உடனே நிறுத்துவது என்று. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது.

சின்ன ஊரில் குரல் என்பது முகம் மாதிரி. பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஒரு பெண் பிள்ளை தன் கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு அனுப்பினாள். சாதாரண விஷயம், பெயர் இல்லை, ஊர் இல்லை. போட்டோம். அவளுடைய அண்ணா ஓட்டோ ஓட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். வீட்டில் பெரிய பிரச்சினையாகி, அவளின் போனைப் பறித்துவிட்டார்கள். அவளுடைய அம்மாவிடம் நேரில் போய்க் கதைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். சொந்த விஷயம் பற்றிய பதிவு வந்தால், போடுவதற்கு முன் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி "இது போகலாமா?" என்று கேட்பேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரின் சம்மதமும் வேண்டும். பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஏமாற்று அழைப்பு நிகழ்ச்சி ஒன்று செய்தால் நல்ல காசு தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் வந்தார், ஊர் சிரிக்கும்தான், ஆனால் அழைப்பில் அகப்பட்டவர் அடுத்த நாள் அதே ஊரில் நடமாட வேண்டுமே. மறுத்துவிட்டேன்.

பெண்கள் யாராவது தொடங்குவதாக இருந்தால், நிகழ்ச்சிக்கென்று தனி சிம், தனி போன் வாங்குங்கள். என் சொந்த இலக்கம்தான் நிகழ்ச்சி இலக்கமாக இருந்தது. இரவு பன்னிரண்டு, ஒரு மணிக்கு அழைப்புகள், சொல்ல முடியாத செய்திகள். அம்மாவுக்குச் சொன்னால் நிறுத்து என்பா என்று பயந்து, மாதக்கணக்கில் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் பத்து வருடமாக வைத்திருந்த இலக்கத்தையே விட வேண்டி வந்தது. வங்கி, மின்னஞ்சல், பழைய வேலைத் தொடர்புகள் எல்லாம் அந்த இலக்கத்தில்தான் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்ற எத்தனை நாள் அலைந்தேன். நிகழ்ச்சிப் போனை ஒன்பதரைக்கு நிறுத்தி லாச்சிக்குள் போட்டுவிட முடிந்திருந்தால் இந்தத் துன்பம் ஒன்றும் இல்லை.

அனுசரணைக் காசு பற்றி. கேட்பவர்கள் கூடியதும் போன் கடை, ரியூசன் நிலையம், உப்புவெளிப் பக்கம் ஒரு தங்குவிடுதி என்று சிலர் வந்தார்கள். எல்லாம் வாய்ப் பேச்சுத்தான். தெரிந்த ஆட்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்கவே வாய் வராது. மாதக் கடைசியில் காசு கேட்கப் போனால் "அடுத்த மாதம் சேர்த்துத் தாறன் தங்கச்சி" என்பார்கள். இப்படி எனக்கு வராமல் போனது 85 ஆயிரம் ரூபா. மாதத் தொடக்கத்திலேயே முழுக் காசையும் வாங்குங்கள், ஒரு பக்கத் தாளில் எத்தனை தரம், எந்த நேரம், எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். தெரிந்தவரிடம் கேட்க வெட்கமாக இருந்தால் வேறொருவரை அனுப்புங்கள். ஒன்றைக் கவனித்தேன், காசு ஒழுங்காகத் தந்தவர்கள் எல்லாரும் இளம் பிள்ளைகள் உண்மையிலேயே போகிற சின்னக் கடைக்காரர்கள். கொத்துக் கடை அண்ணா ஒருவர் பிள்ளைகளிடம் "ரேடியோவில கேட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அவர் ஒரு மாதமும் பிந்தவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடி எல்லாருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் கோபுரங்களும் படுத்துவிடும், நான் பற்றரியில் மைக்கை ஓட்டினாலும் கேட்கிறவரிடம் சிக்னல் இல்லை. 48 ஆயிரம் கொடுத்து வாங்கிய பற்றரி அப்படியே வீண். சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது, சேர்வர்க் கட்டணம் மாதம் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்து நானூறு. தங்குவிடுதியில் ஆள் இல்லை, ரியூசனுக்குப் பெற்றோல் இல்லை, அனுசரணை முழுதாக நின்றது. ஆனால் சிக்னல் இருந்த நேரங்களில், அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் மிக அதிகமாகக் கேட்டார்கள். எந்த நிரப்பு நிலையத்தில் வரிசை எவ்வளவு தூரம், எங்கே சமையல் காஸ் வந்திருக்கிறது என்று அப்பாவுக்குப் பதிலாக விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்ற பெடியன்கள் அனுப்புவார்கள். வரிசையில் நின்று தந்த அந்தக் குரல்களைக் கேட்ட ஆட்கள் எவ்வளவு அலைச்சலிலிருந்து தப்பினார்கள் என்று நினைக்கும்போது, செலவழிந்த காசு எனக்கு வலிக்கவில்லை.

தொண்டைதான் கடைசியில் நிறுத்தியது. மூன்று மணி நேரம் பாட்டில்லாமல் பேசுவது, நாலரைக்கு எழும்பித் தண்ணீர் கூடக் குடிக்காமல் மைக்குக்கு முன் இருப்பது. குரல் கரகரத்தது, பிறகு உயர்ந்த சுரமே வரவில்லை. காது மூக்கு தொண்டை வைத்தியர் குரல் நாண் வீங்கியிருக்கிறது என்றார், கதைக்கக் கூடாது, கிசுகிசுத்தும் கதைக்கக் கூடாது, அது இன்னும் கூடாது என்றார். அது எனக்குத் தெரியாத விஷயம், நான் வீட்டில் கிசுகிசுத்தே சமாளித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளைக்கு மேல் குரல் கரகரத்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். என் இடத்தில் மைக் பிடிக்க இன்னொருவர் இல்லாததால் 2022 நடுப்பகுதியில் நிகழ்ச்சி நின்றது. எல்லாம் கூட்டினால் நாலு இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட என் கையிலிருந்து போயிருக்கிறது.

இப்போது குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் தினமும் மூன்று மணி நேரம் பேச வைத்தியர் இன்னும் விடவில்லை. மைக்கையும் மிக்ஸரையும் விற்க மனம் வரவில்லை. நல்ல நிலையில் இருக்கின்றன, மாதம் ஒரு தரம் போட்டுப் பார்க்கிறேன். திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ காலை நிகழ்ச்சி தொடங்க நினைக்கிறவர்கள் இருந்தால் காசில்லாமல் தருகிறேன். குறைந்தது மூன்று பேராக வாருங்கள். இரண்டு பேர் மைக்குக்கு, ஒருவர் காசு வாங்கப் போக.